பட்டதாரியும் பட்டணமும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் வாயில் நெடுங்காலம் வழங்கிவந்த பழமொழி. அரசாங்கத்தைக் ‘கோறணமேந்து’ என்று அழைத்த அந்தக் காலத்துப் பெரியவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். ஆயினும் அவர்கள் மனத்தில் ஊன்றிய ஆசை இன்னும் பட்டுப்போகவில்லை. ஐயமிருப்பின், ஒருநாள் விடியற்காலையில் வெள்ளவத்தைக் காலி வீதியோரத்தில் சற்று நின்று பாருங்கள். இரவு முழுவதும் ஓடிவந்த யாழ்ப்பாணத்துப் பேருந்துகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். தூக்கம் கலையாத கண்களுடன் இளம்பிள்ளைகள் இறங்குவார்கள். ஒரு கையில் உடுப்புப் பை. மறு கையில் தாயார் கட்டிக்கொடுத்த மிளகாய்த் தூளும் புழுக்கொடியலும். மார்போடு அணைத்தபடி சான்றிதழ்க் கோவை. சிலரை அழைத்துப்போக யாரேனும் வந்திருப்பர். சிலரோ கடதாசித் துண்டில் எழுதிய முகவரியைப் பார்ப்பதும் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரும்பிப் பார்ப்பதுமாக நிற்பர்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நானும் அப்படி நின்றவனே. இன்று இந்நகரிலேயே ஒரு கல்லூரியில் ஆசிரியனாக இருக்கிறேன். "என்ரை மகன் பட்டம் முடிச்சுப்போட்டான், கொழும்புக்கு அனுப்பலாமோ மாஸ்டர்?" என்று ஊரிலிருந்து கேட்கும் தாய் தந்தையருக்கு மறுமொழி சொல்வதும் என் பணிகளுள் ஒன்றாகிவிட்டது. அவர்களுக்குத் தனித்தனியே சொன்னவற்றை இங்கே ஒருசேரச் சொல்ல விழைகின்றேன்.

உத்தியோகம் முன்னே, பயணம் பின்னே

வடபுலத்தில் பேராறு இல்லை. தேயிலைத் தோட்டமும் இல்லை. கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் செய்த மக்கள், படிப்பையும் ஒரு பயிராகவே கருதினர். 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினறியை நிறுவினர். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் சைவப் பெருமக்களின் முயற்சியால் இந்துக் கல்லூரிகளும் தோன்றின. அங்கே ஆங்கிலம் கற்ற இளைஞர் இலங்கையின் கச்சேரிகளிலும் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞராய் அமர்ந்தனர். 1905 இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையுள்ள இருப்புப்பாதை பூர்த்தியாயிற்று. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்திலிருந்த பட்டணம், வண்டியேறினால் மறுநாள் போய்ச் சேரும் ஊராயிற்று.

அக்காலத்து வழமையில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். இளைஞன் ஊரிலிருந்தே பரீட்சைக்குப் படித்தான், சித்தியெய்தினான், நியமனக் கடிதம் தபாலில் வீட்டுக்கு வந்தது, கோயிலில் அருச்சனை செய்வித்த பின்னரே வண்டியேறினான். உத்தியோகம் முன்னே சென்றது, பயணம் பின்னே தொடர்ந்தது. இன்றைய பட்டதாரிக்கோ பயணம் முன்னே, உத்தியோகம் எப்போதோ. இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களை அவன் எங்கே, யாருடைய துணையுடன் கழிப்பது என்பதுதான் கேள்வி.

சமறி

நியமனக் கடிதம் கையிலிருந்த அந்தக் காலத்து இளைஞனுக்கும் படுக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்காகத் தோன்றியதே ‘சமறி’. ஆங்கிலச் சொல்லொன்றை நம்மவர் தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்ட பெயர் அது. நாலைந்து பேர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பர். சமையலுக்கு ஓர் ஆளை அமர்த்துவர். மாதமுடிவில் செலவைப் பங்கிடுவர். எஞ்சியதை ஊருக்குக் காசுக்கட்டளையாக அனுப்புவர். வெள்ளவத்தையில் இத்தகைய வீடுகள் பெருகியதற்கு அதன் இருப்பிடமும் துணைசெய்தது. கரையோரப் புகையிரதத்தில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு கடந்து கோட்டை. பெரிய கந்தோர்கள் பல அங்கேதான். 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் தன் நூலகத்துடன் இன்றும் வெள்ளவத்தையிலேயே இருக்கின்றது. அப்பகுதியைக் ‘குட்டி யாழ்ப்பாணம்’ என்று பிறர் அழைப்பது காரணமின்றியன்று.

கொட்டாஞ்சேனையின் இயல்பு வேறு. துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் அண்டிய பகுதி அது. நகைக்கடைக் கணக்குப்பிள்ளை, மலைநாட்டிலிருந்து கடை வேலைக்கு வந்த பையன், பரம்பரையாக அங்கே வாழும் கத்தோலிக்கக் குடும்பம், சிங்களவர், முஸ்லிம்கள் யாவரும் ஒரே ஒழுங்கையில் நெருங்கி வாழ்வர். புனித லூசியா பேராலயமும், அண்டையிலுள்ள கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் அந்தோனியார் ஆலயமும் காலையில் ஒன்றையடுத்து ஒன்றாக மணியொலிக்கும். வெள்ளவத்தையில் ஊர்க்காரனைத் தேடிப் போகலாம். கொட்டாஞ்சேனையிலோ ஊர் எதுவென்று கேளாமலே ஒருவர் சற்று நகர்ந்து இடங்கொடுப்பார். இரண்டையும் பட்டறிந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கின்றேன்.

பாதை திறந்தது, வாசல் அடைபட்டது

1956 ஏப்ரல் மாதத்தில் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கிற்று. கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே போக்குவரத்து அதனால் எத்துணை இலகுவாயிற்று என்பதைப் பழையவர்கள் கதைகதையாகச் சொல்வார்கள். அதே ஆண்டின் நடுப்பகுதியில், சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கும் 33 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறிற்று. பாதை திறந்த ஆண்டிலேயே கந்தோர் வாசல் மெல்ல அடைபடலாயிற்று.

அதன் விளைவை எடுத்துக்காட்ட ஒரு வழக்குப் போதும். கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த கோடீஸ்வரன் என்பவர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. அக்காரணத்தால் 1962 இல் அவருக்குரிய சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்காட முடியாது என்று கூறி 1967 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. வழக்காடலாம் என்று 1969 இல் இலண்டன் கோமறைக் கழகம் கூறிற்று. எனினும் மொழிச்சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1972 இல் புதிய அரசியலமைப்பு வந்தது. அக்கேள்வி கேள்வியாகவே நின்றுவிட்டது. ஒரு சாதாரண எழுதுவினைஞரின் சம்பள ஏற்றம் ஒரு நாட்டின் மனச்சாட்சியைப் பத்தாண்டு உலுக்கிய வரலாறு இது.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. சமறிகள் கலைந்தன; பலர் உடுத்த உடுப்புடன் கப்பலேறி வடக்கே போயினர்; பலர் கடல் கடந்தனர். ஆனாலும் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழிந்தபின் ஒருவர் திரும்பி வந்து அறையைத் திறப்பார். அடுத்தவருக்குக் கடிதம் எழுதுவார். சட்டம் அடைத்த வாசலை மனிதர் கைகள் சிறிது சிறிதாகத் திறந்துகொண்டே இருந்தன.

நான் வந்த கதை

நிற்க. என் கதைக்கு வருகின்றேன். 2003 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றேன். வடபகுதிப் புகையிரதம் 1990 இல் நின்றுபோயிருந்தது. முந்திய ஆண்டு ஏ9 வீதி திறக்கப்பட்டிருந்தமையால் பேருந்தில் புறப்பட்டேன். முகமாலையில் இறங்கி, ஓமந்தையில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறிக் கொழும்பு வந்தடைந்தேன். கையில் மூவாயிரம் ரூபாவும் தந்தையாரின் சிநேகிதர் ஒருவருடைய முகவரியும் இருந்தன. அவர் செட்டியார் தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதிக் கொட்டாஞ்சேனையில் அறையெடுத்து இருந்தார். ஏற்கெனவே மூவர் படுத்த அறை. நான்காவது பாயை விரித்தபோது கதவைத் திறக்க இடமில்லாமற் போயிற்று. ஒருவரும் முகஞ் சுளிக்கவில்லை. இரவில் வெளியே போகவேண்டியவர் கதவோரம் படுப்பது என்று ஒழுங்கு செய்துகொண்டோம்.

இரண்டு மாதம் விண்ணப்பங்கள் எழுதினேன். ஈற்றில் ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. ஆங்கிலக் கேள்விகளுக்கு ஒருவாறு சமாளித்து விடை சொன்னேன். திடீரென ஓர் உத்தியோகத்தர் முகமலர்ச்சியுடன் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவர் முகமலர்ச்சியை நம்பி "ஒவ்" என்றேன். ஆம் என்பது அதன் பொருள். எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லும் அதுவே. அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் "ஒவ்" என்றேன். அறையிலிருந்தோர் சிரித்துவிட்டனர். ‘எப்போது வேலைக்கு வரலாம்?’ என்பதே அவர் கேட்ட கேள்வி என்பது பின்னரே தெரியவந்தது. வேலை என் கைக்குள் வந்து, ஒரு சொல் தெரியாமையால் நழுவிப்போயிற்று. பட்டச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை நடந்தே போனேன். பேருந்துக் காசு இருந்தது. ஆனால் யார் முகத்திலும் விழிக்க மனமிருக்கவில்லை.

அடுத்த வாரம் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் செய்தியறிந்து என்னை வெள்ளவத்தைக்கு அழைத்தார். 1961 இல் எழுதுவினைஞர் சேவையிற் சேர்ந்து ஓய்வு பெற்றவர். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில் பழைய வீட்டின் முன்பகுதியில் தனியே இருந்தார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் கனடாவில். வீட்டில் என்னைப் போன்ற நால்வர் ஏற்கெனவே தங்கியிருந்தனர். "பாயைக் கொண்டு இஞ்சை வாரும் தம்பி. காலமை ஆறு மணிக்குச் சிங்களம், பிறகு தேத்தண்ணி" என்றார்.

"ஐயா, உங்களுக்கு இந்த மொழியாலைதானே இவ்வளவு கஷ்டம் வந்தது?" என்று ஒருநாள் கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "எங்களுக்குக் கழுத்திலை கத்தியை வைச்சுப் படிப்பிச்சாங்கள். சோதனை பாஸ் பண்ணினன், ஆனால் பதினைஞ்சு வருஷம் ஒருத்தரோடையும் அந்த மொழியிலை கதைக்கேல்லை. எண்பத்துமூண்டிலை பக்கத்து வீட்டு அம்மா என்னைத் தன்ரை அறையிலை மறைச்சு வைச்சா. மூண்டு நாள். அவவுக்கு ஒரு நன்றி சொல்லத்தான் நான் முதன்முதல் மனமாரச் சிங்களம் கதைச்சனான். நீர் சோதனைக்குப் படியாதையும், அயலட்டைக்குப் படியும்" என்றார்.

அவர் சொற்படியே படித்தேன். ஒழுங்கை முகப்பிலிருந்த சிங்களக் கடைக்காரரிடம் நாள்தோறும் பாணும் பருப்பும் வாங்கப் போவேன். "மல்லி" என்று அழைத்து, என் பிழைகளைத் திருத்தாமல் மீதிக் காசைத் தரமாட்டார் அவர். ஆறு மாதத்தின் பின் வேறொரு நேர்முகப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. "ஹெட்ட" என்றேன், ‘நாளைக்கே’ என்று பொருள். மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா சம்பளம்.

‘வி’ என்ற எழுத்து

அப்பெரியவரிடம் ஒரு கணக்குக் கொப்பி இருந்தது. 1964 ஆம் ஆண்டுச் சமறிக் கொப்பி. கலவர நாளில் பக்கத்து வீட்டு அம்மையார் கைக்குப் போய்த் தப்பியது. அரிசி, மரக்கறி, மண்ணெண்ணெய் என்று செலவுகள் ஒரு பக்கம், பெயர்கள் மறுபக்கம். சில பெயர்களின் முன் ‘வி’ என்ற எழுத்து இருந்தது. விருந்தினன் என்பதன் முதலெழுத்து அது. வேலை தேடி வந்தவனுக்கு வேலை கிடைக்கும்வரை பங்கு விதிப்பதில்லை. அவன் பங்கை ஏனையோர் பகிர்ந்துகொள்வர். முதற் சம்பளத்தன்று எல்லாரும் பார்த்திருக்க ‘வி’யை அடித்துவிடுவர். அன்று முதல் அவன் இன்னொரு ‘வி’க்குச் சோறு போடக் கடமைப்பட்டவன்.

என் முதற் சம்பளத்தில் ஆறு மாதப் பங்கைத் தவணையாகக் கொடுக்க முனைந்தேன். "எனக்குத் திருப்பித் தர வேண்டாம் தம்பி. உமக்குப் பின்னாலை ஒருத்தன் வருவான்; அவனுக்குக் குடும்" என்றார். கொப்பியை எடுத்து என் பெயரின் முன்னிருந்த எழுத்தை அடித்தார்.

அந்தக் கடனின் பெறுமதி பின்னர்தான் எனக்கு விளங்கிற்று. 2006 இல் ஏ9 வீதி மீண்டும் மூடப்பட்டது. 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300 பேருக்கு மேற்பட்டோர் விடியற்காலையில் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையைத் தடைசெய்தது. அந்த இரவில் எங்கள் வீட்டில் ஐவர் படுக்கும் இடத்தில் பதினொருவர் இருந்தோம். அவர்கள் யாவர் என்று பெரியவர் கேட்கவில்லை. கொப்பியில் ஆறு ‘வி’ எழுதினார்.

விந்தை என்னவெனில், அதே 2007 ஜூலை முதலாந் திகதிக்குப் பின் அரச சேவையிற் சேரும் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென அரசு சுற்றறிக்கை விடுத்தது. 1987 இல் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகியிருந்தமையால், இம்முறை விதி இரு பக்கத்தார்க்கும் பொதுவாயிற்று. சிங்கள உத்தியோகத்தர் தமிழ் படிக்க வேண்டும். தமிழர் சிங்களம் படிக்க வேண்டும். ஏட்டிலுள்ளதெல்லாம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் கத்தியின்றிப் படிக்க ஒரு வழி பிறந்ததே!

இன்று வரும் பிள்ளைகள்

போர் 2009 இல் முடிந்தது. 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. வருவது எளிதாயிற்று, ஆனால் தங்குவது? வெள்ளவத்தையின் ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அறைக்கு வாடகையோடு பல மாத முற்பணமும் கேட்கின்றனர். அரசாங்க உத்தியோகத்தை நம்பிக் காத்திருப்போர் நிலையும் நாம் அறிந்ததே. 2017 இல் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தின் முன் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்து போராடியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

இன்னொரு மாற்றமும் உண்டு. அன்றைய சமறி ஆண்களின் உலகம். இன்று பேருந்திலிருந்து இறங்குவோரிற் பெண்பிள்ளைகள் பலர். அவர்களுக்குச் சமறி இல்லை, ‘போடிங்’ உண்டு. வடமராட்சியிலிருந்து வந்த பட்டதாரிப் பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை கிடைத்தது. இரவு ஏழரைக்குள் வீடு திரும்ப வேண்டுமென்பது போடிங் அம்மாவின் கட்டளை. மாதமுடிவில் கந்தோர் எட்டு மணிக்கே விடும். வேலையை விடுவதா, அறையை விடுவதா என்று அழுதபடி எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். நான் அவ்வம்மையாரிடம் பேசப் போனேன். போவதற்குள் காரியம் முடிந்திருந்தது. பிள்ளையின் முகத்தைக் கண்ட அம்மையார், மாதமுடிவு நாட்களில் தாமே குடையை எடுத்துக்கொண்டு பேருந்துத் தரிப்பிடத்தில் போய் நிற்பதென்று தீர்மானித்துவிட்டார். இப்போது அப்பெண் தன் அறையின் மறுகட்டிலில் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருத்தியை வைத்திருக்கிறாள். வேலை கிடைக்கும்வரை வாடகையில் பங்கு கேட்பதில்லை. கொப்பியைப் பற்றி அவளுக்கு நான் சொன்னதேயில்லை.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோர்க்கு என் மறுமொழி இதுவே. அனுப்புங்கள், ஆனால் வெறும் முகவரியை நம்பி அனுப்பாதீர்கள். புறப்படுமுன்னரே கொழும்பில் ஒரு மனிதரோடு பேசி ஒழுங்கு செய்யுங்கள். முதற் சம்பளம் வர ஆறு மாதமாகலாம் என்று எண்ணிச் செலவுக்கு ஆயத்தமாகுங்கள். பட்டப் படிப்பின் இறுதியாண்டிலேயே பிள்ளை பேச்சுச் சிங்களம் படிக்கட்டும். முதல் மாதத்திலேயே "வேலை கிடைச்சுதோ?" என்று நாள்தோறும் தொலைபேசியிற் கேட்டு வதைக்காதீர்கள், "சாப்பிட்டியோ?" என்று கேளுங்கள். கிடைத்த முதல் வேலை படிப்புக்கு ஏற்றதன்று என்று அயலவர் சொன்னால் அதைப் பிள்ளையின் காதிற் போடாதீர்கள்.

கொழும்பில் வேரூன்றிவிட்ட நம்மவர்க்கும் ஒரு விண்ணப்பம். நம்மில் பலர் ஒருகாலத்தில் யாரோ ஒருவருடைய அறையில் நான்காவது பாயை விரித்தவர்கள். இன்று நம் வீடுகளில் பாவிக்காத அறைகள் உண்டு. பூட்டிக் கிடக்கும் அலுமாரிகளும் உண்டு. அறை கொடுக்க முடியாதவர் வாரத்தில் ஒருநாள் சாப்பாடு கொடுக்கலாம். அதுவும் முடியாதவர் ஒரு விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்கலாம்.

பெரியவர் காலமாகிச் சில ஆண்டுகளாகின்றன. கொப்பி என்னிடம் வந்து சேர்ந்தது. அதன் கடைசிப் பக்கங்கள் வெறுமையாயிருந்தமையால் என் மனைவியும் நானும் அதிலேயே தொடர்ந்து எழுதி வருகின்றோம். சென்ற மாதம் கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு பையனுக்கு வேலை கிடைத்தது. முதற் சம்பளத்தோடு வந்து, காசைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றான். கொப்பியைத் திறந்து அவன் பெயரின் முன்னிருந்த ‘வி’யை அவனையே அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டு, "சேர், என்ரை சிநேகிதன் ஒருத்தன் அடுத்த கிழமை வாறான், இஞ்சை நிக்கலாமோ?" என்று கேட்டான்.